பார்சல் பசையும் வெட்பாலைத் தைலமும்

மோகனூர்
3-2-1937

தம்பி அருணகிரிக்கு அக்கா வள்ளியாத்தாள் எழுதுவது.

உன் நிச்சயதார்த்தம் முடிந்து நாங்கள் சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். பெண் சாரதாமணி லட்சணமாக இருக்கிறாள். உன்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்த பிறகும் முகம் மாறாமல் இருந்தாள். பொறுமைசாலி என்று தெரிகிறது. உனக்கு அது வேண்டும்.

எழுத வந்தது வேறு. கல்யாணத்தில் இணைச்சீருக்கு என்னை நிறுத்தாதே. சித்தப்பா மகள் பாப்பாயியை நிறுத்திக்கொள்.

காரணம் கேட்பாய். வெற்றிலைத் தட்டு வாங்கும்போது சேலைத் தலைப்பு விலகி என் முழங்கை தெரிந்துவிட்டது. பெண்ணின் அம்மா குப்பாயி தட்டை என் கையில் தராமல் கீழே வைத்தார். காலால் தள்ளவில்லை, அந்த மட்டும் மரியாதை. பெண்ணின் அப்பா சென்னிமலைக் கவுண்டர் என் கையைப் பார்த்தார், அப்புறம் கூரையைப் பார்த்தார், நாங்கள் புறப்படும் வரை கூரையையே பார்த்தார். அந்தக் கூரையில் அப்படி ஒன்றும் இல்லை, நானும் பார்த்தேன்.

இணைச்சீர் என்றால் என்ன? ஒரே சேலையின் ஒரு முனை மாப்பிள்ளை கையில், மறுமுனை உடன்பிறந்தவள் கையில். ஊரே அந்த இரண்டு கைகளைத்தான் பார்க்கும். என் கையில் மீன் செதில் மாதிரி வெள்ளையாக உதிர்வதை உன் மாமனார் வீட்டு ஒறம்பரைச் சனமெல்லாம் எதற்குப் பார்க்க வேண்டும்? குஷ்டம் என்று ஒருவர் சொன்னால் போதும், பந்தியில் பாதி இலை காலியாகிவிடும்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஒருவர் கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னார். ஒருவர் கருவாட்டை. ஒருவர் புளியை. மூவர் பேச்சையும் கேட்டதில் கஞ்சி மட்டும் மிஞ்சியது. பாஷாண மாத்திரை கொடுத்தவர் பேச்சைக் கேட்டதில் அந்தக் கஞ்சியும் வயிற்றில் நிற்கவில்லை. கரூர்க்காரர் ஒருவர் இமயமலை மூலிகை என்று விரல் உயரச் சீசாவில் கத்திரிப்பூ நிறத் தைலம் விற்றார். அதற்கு நோய் கொஞ்சம் கேட்டது. ஆனால் இரண்டாவது சீசா வாங்க எருமையை விற்க வேண்டும் என்றதும் உன் மச்சான் எருமையின் பக்கம் நின்றுவிட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. எருமை பால் கறக்கிறது.

ஆகவே பாப்பாயி. இதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

இப்படிக்கு
வள்ளியாத்தாள்


சூரமங்கலம்
15-2-1937

அக்காவுக்கு அருணகிரியின் வணக்கம்.

பாப்பாயி நல்ல பெண். ஆனால் அம்மா இறந்த வருஷம் எனக்குச் சோறு ஊட்டியது அவள் அல்ல. அவள் அப்போது பிறக்கவே இல்லை. நீ சேலையைப் பிடிக்காவிட்டால் நான் தாலியைப் பிடிப்பதாக இல்லை. பேச்சு வேண்டாம் என்று எழுதியிருந்தாய், ஆகவே பேசாமல் காரியத்தில் இறங்கினேன்.

எங்கள் ரயில்வேயின் கருணை பெரிது, ஆனால் அதற்கு வேலி உண்டு. ஊழியனுக்கு வைத்தியம் இலவசம். அவன் மனைவிக்கும் மக்களுக்கும் இலவசம். ஊழியனுக்கு ஓர் அக்கா இருக்கலாம், அவளுக்கு ஒரு முழங்கை இருக்கலாம் என்பது விதி எழுதிய துரைக்குத் தோன்றவில்லை. எனவே உன் நோயை நான் சில நாட்களுக்கு இரவல் வாங்கினேன்.

பார்சல்களில் சீட்டு ஒட்ட எங்கள் ஆபீசில் மாவுப் பசை காய்ச்சுகிறோம். அதை முழங்கையில் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, கையை இரண்டு தடவை மடக்கி நீட்டினால் அருமையாகச் செதில் விடுகிறது. அடியில் கொஞ்சம் செங்கல் பொடி. இந்தக் கோலத்தில் ரயில்வே டாக்டர் முன் போய் நின்றேன்.

"எத்தனை வருஷமாக?" என்றார்.

"பத்து வருஷமாக, சார்." உன் கணக்கைச் சொன்னேன்.

"வேலையில் சேரும்போது சோதனை செய்தோமே, அப்போது இல்லையே?"

"அப்போது அது மோகனூரில் இருந்தது, சார்."

ஊருக்குப் போகும்போது மட்டும் வருவதாக அவர் புரிந்துகொண்டார். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். இவ்வளவு தெளிவான செதிலைப் புத்தகப் படத்தில்தான் பார்த்திருப்பதாகச் சொல்லி, அடுத்த அறையிலிருந்த இன்னொரு டாக்டரையும் அழைத்துக் காட்டினார். பார்சல் பசைக்கு இப்படி ஒரு கௌரவம் இதுவரை கிடைத்ததில்லை.

இனி அவர் சொன்னதைக் கவனி. இதற்கு சோரியாசிஸ் என்று பெயர். குஷ்டம் இல்லை. தொட்டால் ஒட்டாது. ஒரே துணியை உடுத்தினாலும் ஒன்றாகச் சாப்பிட்டாலும் பரவாது. யாருடைய பாவமும் இல்லை. ரத்த வழியில் சில குடும்பங்களில் வரும். அடியோடு போகாது. அடங்கும், திரும்ப வரும், திரும்ப அடக்கலாம். தோல் வறளாமல் தினமும் எண்ணெய்ப் பிசுக்கு வேண்டும். காலை வெயில் கொஞ்ச நேரம் வேண்டும், கருகும் அளவுக்கு வேண்டாம். சொறியக் கூடாது. செதிலைப் பிய்க்கக் கூடாது. கத்தரிக்காய்க்கு இதில் சம்பந்தமே இல்லை. அடியோடு தீர்த்துவிடுகிறேன் என்பவனைக் கண்டால் எருமையைக் கட்டுத்தறியில் இன்னும் இறுக்கிக் கட்டு. கடைசி வாக்கியம் என்னுடையது.

தார் கலந்த களிம்பு ஒரு டப்பா தந்தார். நாமக்கல் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ராத்திரி பூசு, காலையில் கழுவு, வெயிலில் உட்கார்.

இவ்விடம் எல்லாம் சுகம். பசை மட்டும் சுலபமாகக் கழுவ வரவில்லை.

உன் தம்பி
அருணகிரி


மோகனூர்
12-3-1937

தம்பிக்கு,

களிம்பு வந்தது. அது வருவது டப்பாவைத் திறக்கும் முன்பே தெரிந்தது. உன் மச்சான் ரயில் தண்டவாளத்தையே பெயர்த்து அனுப்பிவிட்டாயா என்று கேட்டார். இப்போது வெளித் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்கிறார். வேப்பங்காற்றுக்காக என்கிறார்.

ஆற்றுக்குக் குளிக்கப் போனேன். பரிசல் ஓட்டுகிற பொன்னன் கரையில் பரிசலைக் கவிழ்த்துத் தார் பூசிக்கொண்டிருந்தான். மூக்கை உறிஞ்சினான்.

"ஏனுங்கம்மிணி, நீங்களும் பரிசல் வாங்கிப்போட்டீங்களா?"

"இல்ல பொன்னா. கைக்குத்தான் பூசியிருக்குது."

"அப்பக் கவலயே இல்லீங்க. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள எறங்காது."

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். செதில் அடங்கியிருக்கிறது. இரண்டு வாரத்தில் இடது முழங்கை பாதி மனுஷக் கையாகிவிட்டது. ஒட்டாது என்று நீ எழுதியதை உன் மச்சானுக்கு நான்கு தடவை படித்துக் காட்டினேன். "எனக்குத் தெரியாதா, பத்து வருசமா ஒட்டாமத்தானே இருக்குது" என்றார். அப்படி நினைத்ததை அந்தப் பத்து வருஷத்தில் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று கேள். தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு வேலிக்குப் பக்கத்தில் தழை கழிக்கப் போனேன். வெட்பாலைத் தழை கையில் நசுங்கி ஒட்டியது. வெயிலிலேயே நின்று வேலை பார்த்துவிட்டு வந்து பார்த்தால், கை முழுக்கக் கத்திரிப்பூ நிறம். எனக்குக் கரூர்க்காரரின் சீசா ஞாபகம் வந்தது. வாசமும் அதே. நிறமும் அதே. அவர் சொன்ன இமயமலை நம் வேலியில்தான் இருந்திருக்கிறது.

தழையைக் கிள்ளி மண்சட்டியில் போட்டு, தேங்காய் எண்ணெய் ஊற்றி, வெயிலில் வைத்தேன். ஒரு வாரத்தில் சட்டியே ஊதாவாகிவிட்டது. ராத்திரி உன் தாருக்குப் பதில் அதைப் பூசுகிறேன். தோல் வறளுவதில்லை. மச்சான் தாழ்வாரத்திலிருந்து உள்ளே வந்துவிட்டார். பாய், தலையணை, சுவர், கன்றுக்குட்டியின் காது எல்லாம் ஊதா, அது ஒன்றுதான் குறை. இனி உன் ரயில்வேயை ஏமாற்ற வேண்டாம்.

ஆனால் பாப்பாயி விஷயத்தில் நான் மாறவில்லை. கை அடங்கியிருக்கிறது, குப்பாயி வைத்த தட்டு கீழேதான் இருக்கிறது.

வள்ளியாத்தாள்


சூரமங்கலம்
8-4-1937

அக்காவுக்கு,

என் கல்யாணம் போன வாரம் ஒரு மணி நேரம் நின்றுபோயிருந்தது. இப்போது மறுபடி நடக்கப் போகிறது. உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் டாக்டர்களிடம் முழங்கையை நீட்டிக்கொண்டிருந்தபோது மாமனார் ஊரான ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். நெய் டின்னோடு செய்தியும் ஊர் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளைக்குத் தோல் வியாதி, இரண்டு டாக்டர்கள் கைவிட்டார்கள் என்று.

மத்தியானம் சென்னிமலைக் கவுண்டர் பார்சல் ஆபீசுக்கே வந்துவிட்டார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, கோபுரம் மாதிரி வெள்ளைத் தலைப்பாகை, அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. பாகையோடு கோவிலுக்குள் விடமாட்டார்கள் என்பதால் இவர் கோவிலுக்கே போவதில்லை. அதைக் கொள்கை என்று நினைத்து சுயமரியாதைக்காரர்கள் இவரை இரண்டு கூட்டங்களுக்குத் தலைமை தாங்க அழைத்திருக்கிறார்கள். தாங்கியும் இருக்கிறார்.

"மாப்ள, சொக்காக் கைய மேல ஏத்துங்க."

"எதுக்குங்க மாமா?"

"ஏத்துங்கன்னா ஏத்துங்க."

ஏற்றினேன். வலது முழங்கையைப் பார்த்தார். இடதைப் பார்த்தார். கட்டை விரலால் தேய்த்தார். சன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போய் மறுபடி பார்த்தார்.

"எங்கீங்க?"

"எதுங்க?"

"இருந்துதுங்களே மாப்ள, அது. நெய்க்காரன் கண்ணால பாத்துப்போட்டு வந்து சொன்னான்."

பசை என்று சொன்னால் வேலை போகும். நோய் என்று சொன்னால் பெண் போகும். எந்தப் பதிலும் ஏதாவது ஒன்றைக் கொண்டு போவதாக இருந்ததால் நான் மௌனமாக இருந்தேன். படித்தவன் மௌனமாக இருந்தால் விஷயம் இருப்பதாக ஊர் நினைக்கும். அவரும் அப்படியே நினைத்தார். கதவைச் சாத்தினார். பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஒரே மாசத்துல போயிருச்சே. என்ன மருந்துங்க அது?"

கேட்டுவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தார், அக்கா. சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். உள்ளே, நெற்றியின் விளிம்பிலிருந்து பிடரி வரை, உன் முழங்கை! அதே வெள்ளைச் செதில், அதே சிவப்பு.

"கண்ணாலத்துக்கு மின்னால இருந்தே இருக்குதுங்க மாப்ள. எம்பொண்டாட்டிக்கே தெரியாது."

"அத்தைக்குத் தெரியாதுங்களா?"

"பாகையோட தூங்கறது எங்க குலவழக்கமுன்னு சொல்லி வெச்சிருக்கறேன். செரைக்க வாரவனுக்கு மட்டுந்தான் தெரியும். அவனுக்கு வருசா வருசம் வேட்டி எடுத்துக் குடுத்தே வாய அடைச்சிருக்கறேன்."

மருந்து என்னிடம் இல்லை, மோகனூரில் என் அக்காவிடம் இருக்கிறது என்றேன். அவர் முகம் கூரைக்குப் போனது. பிறகு மெல்ல இறங்கியது.

வருவார். வாயிலில் நிறுத்திப் பேசாதே. எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம், அவரைப் படுத்துவதாக இருந்தால் கொஞ்சமாகப் படுத்து. பெண் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறாள்.

அருணகிரி


மோகனூர்
30-4-1937

தம்பிக்கு,

வந்தார். கரும்பு விதைக்கரணை பார்க்க வந்ததாக உன் மச்சானிடம் சொன்னார். எங்கள் வயலில் இப்போது எள் நிற்கிறது. மச்சான் அதையும் மரியாதையாக அழைத்துப் போய்க் காட்டினார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, மோர் குடித்து, மழையைப் பற்றிப் பேசினார். நானும் மழையைப் பற்றிப் பேசினேன். ஒரு சொம்பு மோருக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"அம்மிணி, உங் கையப் பாத்து அன்னிக்கு நான் மேல பாத்தது தப்புத்தான்."

"பரவாயில்லீங்க மாமா. கூரை நல்லாத்தான் வேஞ்சிருக்கறீங்க."

"அட அதில்லீம்மிணி. உங் கையப் பாத்ததும் எந் தலையில நமச்சல் எடுத்துக்கிச்சு. பாகைக்குள்ள வெரல உட்டாச் சனமெல்லாம் பாக்கும். அதான் மேலயே பாத்துக்கிட்டுப் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மூன்று மாதமாக அந்தக் கூரையை நினைத்து நான் எத்தனை ராத்திரி புரண்டேன்! சிரித்த சிரிப்பில் பார்சல் பசை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. சம்பந்தியிடம் பொய்யில் ஆரம்பிக்கக் கூடாது, அதுவும் இவ்வளவு நல்ல பொய்யை வீணாக்கக் கூடாது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மாவுப்பசையப் பாத்தா ரெண்டு டாக்குட்டரு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பாகை சரிந்தது. பிடிக்கவில்லை, விட்டுவிட்டார்.

தைலம் கொடுத்தேன். எப்படிச் செய்வது என்றும் சொன்னேன். அவர் தோட்டத்திலேயே நான்கு வெட்பாலை நிற்கிறதாம், ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாராம். காலையில் ஆற்று மணலில் தலையைத் திறந்து வெயிலில் உட்கார வைத்தேன். ஊதாத் தலையும் மூடிய கண்ணுமாக அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் குளிக்க வந்த இரண்டு பெண்கள் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தட்டில்லாததால் காசு விழவில்லை.

"கண்ணாலத்துக்குள்ள போயிருமா அம்மிணி?"

"போகாதுங்க மாமா. அடங்கும். மீதிய மறைக்கலாம், இல்லாட்டி மறைக்காம இருக்கலாம். மறைக்காம இருக்கறதுதான் மலிவு. வருசா வருசம் வேட்டி மிச்சம்."

பாகைத் துணியை எடுத்து மடியில் வைத்து மடித்தார். பிறகு, "இணச்சீருக்கு நீதான் நிக்கோணும்" என்றார்.

"அத்தை தட்டை எங்கையில குடுத்தா நிக்கறேன்" என்றேன்.

"அதுக்கு அவகிட்ட இதக் காட்டோணுமே!"

"காட்டோணுமுங்க."

பஸ் ஏறும்போது பாகையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் அதை எப்படிக் கொண்டுபோனார் என்று தெரியாது. இந்த நிமிஷம் உன் கல்யாணம் என் முழங்கையில் இல்லை, குப்பாயியின் கையில் இருக்கிறது.

வள்ளியாத்தாள்


மோகனூர்
14-6-1937

தம்பிக்கு,

கல்யாணக் களைப்பு தீர்ந்ததா? எனக்குத் தீரவில்லை. நின்ற களைப்பு இல்லை, சிரித்த களைப்பு.

நீ மணவறையில் இருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். சீர் தொடங்கும் முன் குப்பாயி அத்தை தட்டோடு என் முன்னால் வந்தார். தட்டை என் கைக்கு நேராக நீட்டினார். "புடிங்கம்மிணி" என்றார். பிடித்தேன். அத்தை விடவில்லை, தட்டையும் விடவில்லை, என் விரலையும் விடவில்லை. "இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லாம அந்தத் தலையோட தனியாக் கெடந்திருக்கறாரு பாருங்க" என்று அழுதார். அப்புறம் புருஷனைத் திட்டினார். மேளம் முடியும் வரை திட்டினார்.

மாமா வெறுந்தலையோடு நின்றதைப் பார்த்து, வீட்டில் ஏதாவது அசம்பாவிதமா என்று நான்கு பேர் என்னிடம் விசாரித்தார்கள். மறுநாள் கோவிலுக்குள்ளும் போய்விட்டாராம். சுயமரியாதைக்காரர்களுக்குத் தலைவர் ஒருவர் குறைந்தார்.

ஒரு மன்னிப்பு. காலையில் தைலம் பூச வேண்டாம் என்று நினைத்துத்தான் இருந்தேன். பயத்தில் பழக்கதோஷமாகப் பூசிவிட்டேன். சீரில் நான் பிடித்த கூறைச்சேலையின் முனையில் என் ஐந்து விரலும் ஊதாவாகப் பதிந்துவிட்டன. அம்மாபேட்டையில் வேறு சேலை நெய்யச் சொல்லி அனுப்புகிறேன்.

வள்ளியாத்தாள்


சூரமங்கலம்
19-12-1937

அக்காவுக்கு,

புதுச் சேலைக்கு இனியும் ஆள் அனுப்பாதே. நெசவாளரைச் சாரதாமணி மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பிவிட்டாள். "அது அக்கா கையிங்க. வேற சேலையில அது இருக்குமா?" என்கிறாள். பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

இனி செய்தி. மார்கழிக் குளிரில் குளித்துவிட்டுத் துவட்டும்போது, இடது முழங்கையில் பழைய பசை கொஞ்சம் ஒட்டியிருப்பதைக் கண்டேன். தேய்த்தேன். போகவில்லை. சுடுதண்ணீர் விட்டேன். போகவில்லை. பத்து மாதத்துக்கு முன் பூசிய பசை இன்னும் நிற்கிறதென்றால் அதற்கு ரயில்வே பதக்கம் தர வேண்டும் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. ரத்த வழியில் வரும் என்று டாக்டர் சொன்னாரே, உன் ரத்தமும் என் ரத்தமும் ஒன்று என்பதை நான் பசை பூசும்போது யோசிக்கவில்லை.

கொஞ்சம் பயந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். டாக்டரிடம் போனேன். பார்த்தார். "போன தடவையைவிட இப்போது குறைவாக இருக்கிறது. என் களிம்பு நன்றாக வேலை செய்கிறது" என்று மகிழ்ந்தார். மறுக்கவில்லை. ஒன்று நிச்சயம், நான் ரயில்வேயை ஏமாற்றவில்லை, சற்று முன்கூட்டியே போய்விட்டேன், அவ்வளவுதான்.

சாரதாமணி பார்த்தாள். என் வெள்ளைச் சட்டைகளை எல்லாம் எடுத்து மடித்து மேலே வைத்துவிட்டாள். மாமனாருக்குச் செய்தி போனதும் அடுத்த பஸ்ஸில் வந்தார். முழங்கையை வெளிச்சத்துக்கு இழுத்தார், தேய்த்தார், முகமெல்லாம் மலர்ந்தார்.

"இப்பத்தானுங்க மாப்ள நீங்க நம்மூட்டு ஆளு!"

தைலம் அனுப்பு.

அருணகிரி


மோகனூர்
24-12-1937

தம்பிக்கு,

எனக்கும் குளிருக்கு மறுபடி வந்திருக்கிறது. வரட்டும். வழி தெரிந்த விருந்தாளிதானே.

நேற்றே சட்டியை மாற்றிவிட்டேன். இது அண்டா. மூன்று பேருக்குப் போதும். ஒரு சீசா டிரைவரிடம் வருகிறது. வழியில் கொட்டிவிட்டால் அழாதே, உங்கள் ஊர் வேலிகளிலும் வெட்பாலை இருக்கும், சாரதாமணிக்குச் சட்டி வைக்கத் தெரியும். பிய்க்காதே. சொறியாதே. கத்தரிக்காய் சாப்பிடு.

பொங்கலுக்கு வரும்போது மாமாவையும் கூட்டி வா. ஆற்று மணலில் நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். நாம் மூவரும் ஊதாக் கையும் ஊதாத் தலையுமாக வரிசையாக உட்கார இடம் வேண்டும் என்று பொன்னனிடமும் சொல்லிவிட்டேன். பரிசலைக் கொஞ்சம் தள்ளிக் கவிழ்த்துக்கொள்கிறானாம்.

வள்ளியாத்தாள்